ரப்பர் பால் கணக்கு: எக்செலில் உலர் எடை தப்பா வருது, கீழே இழுத்தா தொகை பூஜ்யம்

பால்கடை_குலசேகரம்:
நோட்டுக் கணக்கை எக்செலுக்கு மாத்துறேன். பி-யில் கேனோட மொத்த எடை, சி-யில் வெறும் கேன், டி-யில் டிஆர்சி (பாலில் இருக்கிற உலர் ரப்பரின் சதவீதம்), இ-யில் உலர் எடை, எஃப்-பில் தொகை. அன்றைய ரேட் ஹெச்1-ல். முதல் வரி: 45.1, 2.5, 33.5%, ரேட் 190.

இ2: =பி2-சி2*டி2
எஃப்2: =இ2*ஹெச்1

நோட்டில் உலர் எடை 14.27. இங்கே 44.26 காட்டுது. கீழே இழுத்தா மற்ற வரிகளில் தொகை 0. ஒரு வரியில் மட்டும் வேல்யூ பிழை. எங்கே தப்பு?

கணக்கன்_அருமனை:
அண்ணாச்சி, மூணும் வேற வேற கோளாறு. (ஃபார்முலாவை ஷீட்டில் ஆங்கில எழுத்தில் அடிக்கணும்.)

எடை தப்புறது அடைப்புக்குறி இல்லாததால். எக்செல் பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் செஞ்சுட்டுத்தான் கூட்டல் கழித்தலுக்கு வரும். கேன் எடையை மட்டும் 33.5 சதவீதம் ஆக்கிக் கழிச்சிருக்கு. கண்ணால் பார்க்கணும்னா இ2-ல் எஃப்2 விசையை அழுத்தி, சி2*டி2 பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்துங்க. 0.8375 வரும். பார்த்துட்டு எஸ்கேப் அழுத்தி வெளியே வாங்க. என்டர் தட்டினா அந்த எண் ஃபார்முலாவுக்குள்ளேயே பதிஞ்சிரும்.

சரியானது: =(பி2-சி2)*டி2. 42.6-ல் 33.5 சதவீதம், 14.271.

பூஜ்யம் வர்றது, இழுக்கும்போது ஹெச்1 அடுத்த வரியில் ஹெச்2 ஆகிறதால். அங்கே ஒண்ணும் இல்ல. =இ2*$ஹெச்$1 என்று மாத்துங்க, டாலர் போட்டா இழுத்தாலும் ஹெச்1 நகராது. ஹெச்1 பக்கத்தில் கர்சரை வச்சு எஃப்4 தட்டினா டாலர் தானா விழும். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்கணும்.

வேல்யூ பிழை வர்ற வரியில் யாரோ "38.2 கிலோ" என்று அடிச்சிருப்பாங்க, பாருங்க.

ஷீட்_மார்த்தாண்டம்:
ரேட்டுக்கு டாலர் போடுறது வேண்டாம் மக்கா. ரப்பர் விலை தினமும் மாறும். நாளைக்கு ஹெச்1-ல் 193 அடிச்ச உடனே, பணம் கொடுத்து முடிச்ச பழைய வரி எல்லாம் 193-க்கு மாறிரும், ஒரு எச்சரிக்கையும் வராது. எஃப் தலைப்பில் வலது கிளிக், இன்சர்ட். புது எஃப்-பில் ஒவ்வொரு நாள் ரேட்டையும் தனியா எழுதுங்க. தொகை ஜி-க்குப் போகும்: =இ2*எஃப்2. டாலர், வெறும் கேன் எல்லாம் ஒரே எடையா இருந்து அதை ஒரே செல்லில் வச்சா அதுக்கு உதவும்.

இன்னொண்ணு, பைசா. திரையில் 14.27 தெரிஞ்சாலும் உள்ளே 14.271 தான் இருக்கும். அதை 190-ஆல் பெருக்கினா 2711.49, நோட்டில் 14.27-ஐப் பெருக்கினவருக்கு 2711.30. மாசக் கடைசியில் சண்டை வரும். உலர் எடையிலேயே திருத்திருங்க:
=ரவுண்ட்((பி2-சி2)*டி2,2)
தசம இடத்தைக் குறைக்கிற பொத்தான் தோற்றத்தைத்தான் மாத்தும், மதிப்பை இல்ல.

பால்கடை_குலசேகரம்:
எடை சரியாச்சு, ரேட்டும் தனிக் காலத்தில் (நெடுவரிசையில்) போட்டாச்சு. "கிலோ" எழுத்து பல வரியில் இருக்கு, ஒவ்வொண்ணா அழிக்கணுமா? அப்புறம் ஒரு வரியில் உலர் எடை 1427.1 வருது.

கணக்கன்_அருமனை:
பி காலத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஹெச். மேல் பெட்டியில் கிலோ, கீழ்ப் பெட்டி காலி, ரீப்ளேஸ் ஆல். அப்புறமும் இடது பக்கம் ஒட்டி நிற்கிற எண் இருந்தா அது இன்னும் எழுத்துதான் (சீரமைப்பை நீங்க மாத்தாம இருந்தா). அந்த செல்லை ஜெனரல் ஆக்கி எண்ணைத் திரும்ப அடிங்க. கழித்தல், பெருக்கலில் "38.2 கிலோ" மாதிரி எழுத்து வந்தா பிழையாவது காட்டும். சம் ஃபங்ஷன் சத்தமில்லாம விட்டுட்டு மீதியை மட்டும் கூட்டும். எடைக் காலத்தின் மொத்தம் குறைஞ்சா முதலில் இதைத்தான் தேடணும்.

கிலோ தெரியணும்னா ஃபார்மட் செல்ஸ், கஸ்டம், 0.0" கிலோ" என்று கொடுங்க. தெரியும், கணக்கும் ஓடும்.

1427.1 வந்த வரியில் டிஆர்சி 33.5 என்று சதவீதக் குறி இல்லாம இருக்கு. அதை அப்படியே வச்சு சதவீதப் பொத்தானை அழுத்தாதீங்க, 3350% ஆகிரும். 33.5% என்று குறியோட திரும்ப அடிங்க. இனி எழுதப் போற காலி செல்களுக்கு முதலிலேயே அந்தப் பொத்தானை அழுத்தி வச்சா 33.5 அடிச்சாலே 33.5% ஆகும், தசமம் தெரியலைன்னா ஒரு இடம் கூட்டிக்கோங்க.

பால்கடை_குலசேகரம்:
1427.1 வரி சரியாச்சு, இப்போ 14.27. மொத்தமும் நோட்டோட ஒத்து வருது. நன்றி அண்ணாச்சி.