அப்பாவுக்கு பேஸ்மேக்கர் பேட்டரி மாற்றம்: கிருமி பயம்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. பேஸ்மேக்கர் வைத்து 9 வருடம். அடுத்த வாரம் பேட்டரி மாற்றம். கிருமித் தொற்று வரும் ஆபத்து எவ்வளவு என்று டாக்டர் ஏதோ கணக்குப் போட்டு, "பாடிட் ஸ்கோர் 2, பயமில்லை" என்றார். சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. சரியா?

பதில்: சரிதான், அந்தக் கணக்கில் சர்க்கரை கிடையாது. முன்பு ஒருமுறை பேஸ்மேக்கர் வைத்ததற்கு 1, அறுபதுகளில் இருப்பதற்கு 1. எழுபதைத் தாண்டினால் வயதுக்கு 0, அதுதான் வேடிக்கை! 7-ஐத் தொட்டால்தான் அதிக ஆபத்து.

கேட்டவர்: அப்போ ஜாங்கிரி சாப்பிடலாமா என்கிறார் அப்பா.

இன்னொரு பதில்: ஆசையைப் பாருங்கள்! சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். என் மாமியாருக்குத் தையல் போட்ட இடம் ரத்தம் கட்டி எலுமிச்சை அளவு வீங்கியது. ஊசியால் ரத்தத்தை எடுக்கச் சொன்னோம். ஊசி வழியே கிருமி போகும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். அப்புறம் தானே வற்றியது.