சொந்தமாகச் செய்யும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த பிக்கப்: ஹம்பக்கரா, சிங்கிள் காயிலா?

மரத்தூள்:
நான் செய்துகொண்டிருக்கும் கிட்டாரின் உடலை வெட்டி முடித்துவிட்டேன். நெக்கை (கழுத்துப் பகுதியை) போல்ட்டால் பிணைக்கும் வகை. தந்தி நீளம் 648 மில்லிமீட்டர், 22 ஃப்ரெட். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்களுக்கான குழிகளை இன்னும் குடையவில்லை. பெரும்பாலும் டிஸ்டார்ஷன் இல்லாத தெளிவான ஒலியில்தான் வாசிப்பேன். வாசிக்கும் இடமோ கணினியும் விளக்குகளும் நெருங்கிக் கிடக்கும் ஒரு சிறிய அறை. பிக்கப்களின் விற்பனைக் குறிப்புகளில் 6 கிலோ ஓம், 8 கிலோ ஓம், 14 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறார்கள். இவற்றை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

செப்புச்சுருள்:
உங்கள் அறையைப் பற்றி நீங்கள் சொன்னதே விடையைத் தந்துவிடுகிறது: இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர்கள் இரண்டைப் பொருத்துங்கள். சிங்கிள் காயில் எனும் ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வை மட்டுமல்லாமல், சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அதன் மேற்சுரங்களையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். சேத் லவர் 1955இல் கிப்சன் நிறுவனத்துக்காக உருவாக்கிய ஹம்பக்கர் அமைப்பில் இரண்டு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்படுகின்றன. காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடி வருகிறது. ஆம்பின் (ஒலிபெருக்கியின்) கெயினை, அதாவது பெருக்கத்தை, கூட்டும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது உடனே காதில் விழும்.

தந்தியொலி:
இரைச்சலை மட்டுமே அளவுகோலாக வைத்து ஒரு கிட்டாரின் குரலை முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹம்பக்கர் தந்தியை அடுத்தடுத்த இரண்டு இடங்களில் கேட்பதால் உச்ச ஒலிகளில் சில அங்கேயே அழிந்துபோகின்றன; சுருள்கள் தொடராக இணைவதால் மீதியும் மழுங்குகிறது. கேட்டவரோ தெளிவான ஒலிதான் வேண்டும் என்கிறார். குழியின் உட்புறத்தில் செப்புப் பட்டையை ஒட்டித் தரையிணைப்புக் கொடுத்தால் விளக்குகளிலிருந்து வரும் கீச்சொலி பெருமளவு குறையும். மூன்று சிங்கிள் காயில்களில் நடுவில் இருப்பதைத் தலைகீழ்ச் சுற்றும் தலைகீழ்க் காந்தமும் கொண்டதாக வாங்கினால், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் ஐந்து நிலைகளில் இரண்டில் ஹம்பக்கரைப் போலவே இரைச்சல் அடங்கிவிடும்.

செப்புச்சுருள்:
செப்புப் பட்டை மின்புலத்தை மறைக்கும், உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அது ஏறத்தாழ அப்படியே உள்ளே விட்டுவிடும். எஞ்சிய மூன்று நிலைகளில் அவர் என்ன செய்வார்?

ஓம்மீட்டர்:
நீங்கள் இருவரும் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் வரவில்லை. கிலோ ஓம் என்பது சுருளின் நேர்மின்தடை மட்டுமே. அதைக் கொண்டு ஒலியைக் கணிக்க முடியாது. ஒரே எண்ணிக்கையிலான சுற்றுகளை 42 கேஜ் கம்பிக்குப் பதிலாக இன்னும் மெல்லிய 43 கேஜில் சுற்றினால், சத்தம் அதிகம் கூடாமலே மின்தடை ஏறிவிடும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தாலே செம்பின் மின்தடை 4 விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது.

பார்க்க வேண்டியது இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு. வழக்கமான சிங்கிள் காயிலில் அது ஏறத்தாழ 2.4 ஹென்றி, பழைய பாணி ஹம்பக்கரில் 4.4 ஹென்றி. சுருளுக்குள்ளும் ஆம்புக்குச் செல்லும் கேபிளிலும் உள்ள மின்தேக்கம் மொத்தம் 700 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், முதலாவதன் ஒத்ததிர்வு உச்சம், அதாவது அது மிக வலுவாக ஒலிக்கும் அதிர்வெண், 3900 ஹெர்ட்ஸ் அருகிலும், இரண்டாவதன் உச்சம் 2900 ஹெர்ட்ஸ் அருகிலும் விழும். பளிச்சென்று கேட்கிறது, மழுக்கமாகக் கேட்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த இடைவெளிதான். கேபிளை நீளமாக்கினால் இரண்டுமே கீழே இறங்கும். ஒலியளவைத் திருகும் பாட் (மாறுமின்தடை) 250 கிலோ ஓமாக இருந்தால் உச்சம் தணியும், 500 ஆக இருந்தால் எழும்பும். இவ்வளவையும் விட்டுவிட்டு காந்தம் அல்னிகோ 2ஆ, அல்னிகோ 5ஆ என்று வாரக்கணக்கில் வாதிடுவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

தந்தியொலி:
காந்தத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். நெக் பக்கத்தில் பிக்கப்பின் அல்னிகோ 5 காந்தக் கோல்களைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்திவிட்டால், காந்தம் தந்தியை இழுத்துப் பிடித்துச் சுருதியையே குலைத்துவிடும். உயரத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். ஆனால் குழி ஆழமாக இல்லாவிட்டால் குறைக்க இடமிருக்காது. கிட்டாரைத் தானே செய்பவர் இதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓம்மீட்டர்:
அது நியாயமான எச்சரிக்கை. செப்புச்சுருள் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்க்கிறேன். நான்கு கம்பி வெளிவரும் ஹம்பக்கராக வாங்கினால், சுருள்களைத் தொடராக மட்டுமின்றிப் பக்க இணைப்பாகவும் (பேரலல்) இணைக்கலாம். அப்போது இண்டக்டன்ஸ் கால்பங்காகக் குறைந்து ஒலி பளிச்சிடும். சத்தம் சற்றுக் குறைந்தாலும் இரைச்சல் திரும்பாது. ஒரு சுருளைத் துண்டிக்கும் வழக்கமான ஸ்பிளிட்டைவிட இவருடைய அறைக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

தந்தியொலி:
பளிச்சிடும், ஆனால் சிங்கிள் காயிலாகிவிடாது; தந்தியை அது இன்னமும் இரண்டு இடங்களில்தான் கேட்கிறது. வீட்டில் செய்த கிட்டார்களில் பெயர் பெற்றதான குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயின் கிட்டாரையே பாருங்கள். 1963இல் தந்தையுடன் சேர்ந்து அதைச் செய்யத் தொடங்கியவர், பிக்கப்பையும் முதலில் தாமே சுற்றினார். தந்தியை வளைக்கும்போது அது விரும்பத்தகாத ஒலி எழுப்பியதால், பர்ன்ஸ் ட்ரைசானிக் என்ற சிங்கிள் காயில் பிக்கப்கள் மூன்றை வாங்கி, அதிர்ந்து கூவாதபடி உள்ளே பசை ஊற்றிப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்-ஆஃப், இணைப்பின் திசையைப் புரட்டும் தனி ஃபேஸ் சுவிட்ச். அவருடைய குரல் அந்த இணைப்புகளிலிருந்து வருகிறது.

செப்புச்சுருள்:
அந்த இணைப்புகளில் இரண்டு பிக்கப்கள் தொடராக ஓடும்போது கிடைப்பது கிட்டத்தட்ட அகலமான ஒரு ஹம்பக்கர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மரத்தூள்:
மூவருக்கும் நன்றி. உடலில் தந்திகள் அமரும் பிரிட்ஜில் அவற்றின் மொத்த அகலம் 52 மில்லிமீட்டர் வருகிறது. பழைய பாணி ஹம்பக்கரின் கோல்கள் அதைவிடக் குறுகலாக இருக்குமே?

ஓம்மீட்டர்:
ஆம், 50 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அகல இடைவெளி கொண்ட வகையும் கிடைக்கிறது. பிரிட்ஜ் பக்கத்துக்கு அதையே வாங்குங்கள். நெக் பக்கத்தில் ஒரு சிங்கிள் காயிலை வையுங்கள். தந்தியொலி இதை மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

தந்தியொலி:
நெக் பக்கத்துக்கு மறுப்பில்லை. பிரிட்ஜ் பக்கத்துக்கு மறுப்பு உண்டு. ஆனால் உடலின் மேல் மூடும் தகடான பிக்கார்டின் அடியில் எந்த வகையும் அமரும்படி குழியை அகலமாகவே குடைந்துவிட்டால், அந்த வழக்கைக் கிட்டார் பாடத் தொடங்கிய பிறகும் நடத்தலாம்.