தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு: நொச்சிச் சாறு ஊற்றலாமா?

மொட்டைமாடி:
எங்கள் தெருவில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வரும், சிமெண்ட் தொட்டியிலும் நீல டிரம்மிலும் பிடித்து வைப்போம், மூடியைத் திறந்தால் புழு நெளிகிறது. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்ற வந்தவரை அம்மா திருப்பி அனுப்பிவிட்டார், வாடை அடிக்குதாம். நொச்சியையும் வேப்பிலையையும் அரைத்து விட்டால் புழு செத்துவிடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா? எவ்வளவு ஊற்றணும்?

பூச்சிப்பித்தன்:
நொச்சிச் சாற்றில் புழு சாகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் மெத்தனால், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் சாறு இறக்கி, வற்றவைத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து விட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ணுவார்கள். மிக்ஸியில் அரைத்ததில் என்ன வீரியம் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? இலைத்தூள் தொட்டியில் அழுகினால் கிருமி பெருகும், அந்தக் கிருமிதான் புழுவுக்குச் சாப்பாடு. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பட்டென்று கொல்லாது, புழு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும், வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்தும் போகும். வேப்பெண்ணெய் என்றால் தண்ணீரோடு கலக்கச் சோப்பு வேண்டும். குடிக்கிற தண்ணீரில் சோப்பா?

வயக்காட்டான்:
தம்பி சொல்வது தொட்டிக்குச் சரி. வயலுக்கு வேம்பு நன்றாகவே கேட்கும். 1990களில் மதுரையில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மையத்துக்காரர்கள் வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவை நெல் வயலில் போட்டு, தண்ணீரையும் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சிப் பார்த்தார்கள், மூளைக்காய்ச்சல் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவின் புழு நன்றாகக் குறைந்தது. உரத்துக்கு உரமும் ஆச்சு.

செல்வி அக்கா:
டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும்பா, கறுப்பாகக் கடுகைவிடப் பொடிசாக இருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் பிரயோஜனமே இல்லை. தண்ணீர் வருகிற நாளுக்கு முன்னால் காலி செய்து, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவு, பிடித்ததும் வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டு. புழு கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், வாரம் ஒருமுறை தேய்த்தாலே தப்பாது. அபேட் பற்றி அம்மாவிடம் சொல், லிட்டருக்கு 1 மில்லிகிராம் தாண்டாமல் குடிநீரில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

மொட்டைமாடி:
சரி அக்கா, தேய்த்துவிடுகிறேன். பக்கத்து வீட்டில் சீத்தா விதையைப் பொடித்துப் போடச் சொல்கிறார்களே?

பூச்சிப்பித்தன்:
வேண்டவே வேண்டாம். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்.