அப்பத்தா வீடு குழு: செவலைக் கோழி

செல்வி: ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வருகிறார்கள். குழம்புக்குச் செவலையை அடிக்கலாமா? ஐந்து வயதாகிறது.

குமார்: வேண்டாம் அக்கா

தேவி: அப்பத்தா கொடுத்த கோழியா??

செல்வி: அதன் பேத்தி

பெரியம்மா: கிழட்டுக் கோழி எத்தனை விசில் விட்டாலும் வேகாது.

ராசு சித்தப்பா: செல்வி, அவசரப்படாதே. முதல் வருடம் எந்தக் கோழியும் நன்றாக இடும், அப்புறம் வருடா வருடம் குறையும். செவலை இன்னும் ஈட்டுக்குப் பன்னிரண்டு இடுகிறது என்று நீதானே சொன்னாய்? வயதான பிறகும் விடாமல் இடுவது ஓரளவு வம்சத்தில் வரும் குணம். அதன் தாயும் அப்படித்தான். குஞ்சு எடுக்காமல் அடித்தால் அந்த வழியே போய்விடும்.

செல்வி: அடைக்கு உட்கார்ந்திருக்கிறது சித்தப்பா. ஒன்பது முட்டை.

ராசு சித்தப்பா: அதை வைக்காதே, ஆம்லெட் போடு. உன் சேவல் அதன் மகன். தாயும் மகனும் சேர்ந்தால் பொரிப்பதும் குறையும், குஞ்சுகள் வளர்ந்து இடுவதும் குறையும். வெளிச்சேவல் வேண்டும். பெட்டைக்கு இசட் குரோமோசோம் என்ற மரபணு இழை ஒன்றுதான், அது தகப்பன் சேவல் கொடுப்பது; முட்டையிடும் குணத்தில் ஒரு பங்கு அதன் வழியாகவும் வரும். நிறைய முட்டையிட்ட கோழியின் மகனாகப் பார்.

தேவி: எங்கள் கருஞ்சேவல்!

பெரியம்மா: போன பொங்கலுக்குக் கொடுத்த சேவல் எங்கே?

செல்வி: நாய் பிடித்துவிட்டது பெரியம்மா

பெரியம்மா: நாய்க்கு மசாலா அரைத்தது யார்?

குமார்: ஹாஹா

தேவி: அம்மா விடுங்கள். ஞாயிறு வேன் சொல்லியாச்சா?

குமார்: பத்து மணிக்கு

ராசு சித்தப்பா: அண்ணி, கருஞ்சேவலை ஒன்றரை மாதம் கொடுத்தால் போதும். செல்வி, அடையைக் கலைத்துவிடு, உன் சேவலைத் தனியாக அடை. பழைய சேவலின் விந்து கோழி உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும், அதற்குப் பிறகு இடும் முட்டைதான் நமக்கு. வயதான கோழியின் முட்டை பெரிது, குஞ்சும் பெரிதாக வரும். ஆனால் ஓடு மெலிது, கூமுட்டையும் அதிகம். கிளிஞ்சல் தூள் போடு. நாலு குஞ்சு தேறினாலும் எனக்குச் சந்தோஷம்.

செல்வி: சரி சித்தப்பா. குழம்புக்கு?

குமார்: பிராய்லர்

பெரியம்மா: சம்பந்தி வீட்டுக்கு பிராய்லரா!

தேவி: அம்மா, சேவல்?

பெரியம்மா: நானே கொண்டு வருவேன், நானே திருப்பி எடுத்துப் போவேன்.

செல்வி: எப்போது பெரியம்மா?

செல்வி: செவலையைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டேன். குழம்புக்கு யாராவது சொல்லுங்கள்.