கார் இல்லாத ஊர் ஒரு ஊரா?

ஈசூன்வாசி:
போன வாரம் இந்த மன்றத்துல மலேசியா, ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாய்க்காரர் சேகர் போகிற போக்கில் ஒண்ணு எழுதினார்: "சிங்கப்பூர்ல ஆயுசு பூரா உழைச்சாலும் ஒரு காருக்கு வக்கில்லை, அதெல்லாம் ஒரு வாழ்க்கையா?" மூணு நாளா முள்ளாக் குத்துது. ஐயா, இங்க சிங்கப்பூர் ஈசூன்ல எங்க புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏழு நிமிஷ நடை. கார் எதுக்கு? குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கிறோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மக தனியா நடந்து வீட்டுக்கு வர்றா. இதெல்லாம் கணக்கில் வராதா?

ஸ்கூடாய்_சேகர்:
வாங்க வாங்க. "கார் எதுக்கு"ன்னு கேக்குறவங்க எல்லாம் விலை விசாரிச்சுட்டுத் திரும்பி வந்தவங்கதான். சிஓஇன்னா என்ன? கார் வச்சுக்க உங்க அரசாங்கம் விக்கிற உரிமைச் சீட்டு. டயர் இல்லை, ஸ்டியரிங் இல்லை, ஒரு ஹாரன்கூட இல்லை. காகிதம்! 2023ல சின்னக் காருக்கே அந்தக் காகிதம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டுச்சு. பத்து வருஷம் போனா அதுவும் செல்லாது. அந்தக் காசுக்கு நான் இங்க மைவி காரே அஞ்சாறு வாங்கி வரிசையா நிறுத்துவேன்.

கிள்ளான்_கிழவன்:
எந்த வெள்ளி? சிங்கப்பூர் டாலரா, நம்ம ரிங்கிட்டா? ரெண்டு நாட்டுக்காரனும் வெள்ளி வெள்ளின்னா படிக்கிறவன் என்ன செய்வான்?

ஸ்கூடாய்_சேகர்:
சிங்கப்பூர் வெள்ளிண்ணே. நம்ம காசுன்னா மூணால பெருக்கிக்குங்க.

ஈசூன்வாசி:
மூணால பெருக்கணும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம். அந்தப் பெருக்கலுக்குத்தானே தினமும் ஜொகூர்ப் பாலம் தாண்டி எங்க ஊருக்கு வேலைக்கு வர்றீங்க? சிஓஇயை 1990ல் கொண்டுவந்ததே சாலை நெரிசலைக் கட்டுப்படுத்தத்தான். தீவு இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கார்னா நிறுத்துறதுக்குக் கடலுக்குள்ளதான் போகணும்.

ஸ்கூடாய்_சேகர்:
காகிதத்துக்குப் பதில் சொல்லுங்கன்னா கடலைக் காட்டுறார்.

வர்றேன்தான், யார் இல்லைன்னா? நாலு மணிக்கு எழுந்திரிச்சு, பைக்கை எடுத்து, பாலத்து மேல நிக்கிறேன். முன்னாடி நூறு பைக், பின்னாடி நூறு பைக். மழை பேஞ்சா ரெயின்கோட்டு கழுத்து வழியா தண்ணி இறங்கி முதுகெல்லாம் சில்லுனு ஆயிடும், கிளட்சை விட்டு விட்டுப் பிடிச்சு இடது கை மரத்துப் போகும். ஆனா சாயந்திரம் திரும்பினா சொந்தத் தரைவீடு, வாசல்ல ஒரு கறிவேப்பிலை, போர்ச்சுல கார். நீங்க? 99 வருஷக் குத்தகையில ஒரு அடுக்குமாடி. வீடும் வாடகை, காரும் வாடகை. சொந்தம்னு ஒரு குடையாவது இருக்கா?

ஈசூன்வாசி:
அந்தப் போர்ச்சுக் கார் யாருது? ஒன்பது வருஷக் கடன்தானே? எங்க காகிதம் பத்து வருஷம், உங்க கடன் ஒன்பது வருஷம். ஒரு வருஷ வித்தியாசத்துக்கா இவ்வளவு மார்தட்டல்?

ஸ்கூடாய்_சேகர்:
பத்தாவது வருஷம் என் கார் என்னுது. பத்தாவது வருஷம் உங்க காரை என்ன செய்வீங்க? திரும்பக் காசு கட்டணும், இல்லை உடைக்கக் குடுக்கணும். இதுக்குப் பதில் வராது, பாருங்க.

ரெண்டுங்கெட்டான்:
பிறந்தது ஈப்போ, இப்ப சிங்கப்பூர் பிஆர், அதாவது நிரந்தரவாசி. சண்டைக்கு வரலை. ஆனா கார் ஒண்ணுதான் பேச்சா? என் பையன் இங்க ரெண்டு வருஷம் ராணுவம், போலீஸ்னு கட்டாய தேசிய சேவைக்குப் போகணும், அதை யாரும் எடுக்கலை. இன்னொண்ணு, தைப்பூசத்துக்கு ஜொகூர்ல லீவு. சிங்கப்பூர்ல 1968ல எடுத்தது எடுத்ததுதான். காவடி தூக்கணும்னா வருஷ விடுப்பு எழுதிக் குடுக்கணும்.

ஈசூன்வாசி:
லீவு இல்லாட்டி என்ன, தமிழ் இங்க ஆட்சிமொழி. எங்க நோட்டை எடுத்துப் பாருங்க, 'சிங்கப்பூர்'னு தமிழ்லயே இருக்கும். உங்க ரிங்கிட்டுல ஒரு தமிழ் எழுத்தைக் காட்டுங்க பார்ப்போம்.

கிள்ளான்_கிழவன்:
நோட்டுல இருந்து என்ன, நாக்குல இருக்கா? இங்க மலேசியாவுல ஐந்நூறுக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு. அங்க ஒண்ணு சொல்லு, ஒண்ணே ஒண்ணு. உன் பேரன் வீட்டுல என்ன பேசுறான்? உங்க லிட்டில் இந்தியா தேக்காவுக்கு வந்து பார்த்தவன்தான் நானும்.

ஈசூன்வாசி:
பேரனை இழுக்காதீங்க பெரியவரே. போன தீபாவளி அரட்டையிலயும் இதேதான் செஞ்சீங்க.

கிள்ளான்_கிழவன்:
அப்ப நீ மன்னிப்புக் கேட்டியா?

ஸ்கூடாய்_சேகர்:
கார்லயிருந்து நழுவப் பாக்குறாங்க, விடாதீங்க. வெள்ளிக்கிழமை ஆனா இவங்க எல்லாம் எங்க இருக்காங்க? எங்க ஜொகூர் பாருல! மளிகை வாங்க, முடி வெட்ட, காரைக் கழுவ. முக்கால் டேங்க் பெட்ரோல் எண்ணெய் இல்லாம உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி தாண்ட விடமாட்டேன்னு அவங்க அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. ஏன்? விட்டா எல்லாரும் இங்கதான் ஊத்துவாங்க. எண்ணெய்க் கடையில காரை ஆட்டி ஆட்டி இன்னும் ரெண்டு சொட்டு இறங்குமான்னு பாக்குற ஆளை நான் கண்ணால கண்டிருக்கேன். இதான் உங்க வாழ்க்கைத் தரமா? காகிதத்துக்கு லட்சம், எண்ணெய்க்கு ஆட்டம்.

ஈசூன்வாசி:
நான் ஆட்டினதில்லை. எனக்குக் கார் இல்லை.

ஸ்கூடாய்_சேகர்:
அதைத்தானே முதல்லயிருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!

ரெண்டுங்கெட்டான்:
சேகர், ஒரு சந்தேகம். கார் இருக்குங்கிறீங்க, அப்புறம் ஏன் மழையில பைக்ல நனைஞ்சுக்கிட்டு வர்றீங்க?

ஸ்கூடாய்_சேகர்:
காரை எடுத்தா பாலத்துல ரெண்டு மணி நேரம் நிக்கணும். அது வேற கதை.

ஈசூன்வாசி:
ஹா! கார் போர்ச்சுல, ஆள் பைக்ல. அது என்ன, கொலு பொம்மையா?

ஸ்கூடாய்_சேகர்:
நாளைக்கு நாலு மணிக்கு எழுந்திரிக்கணும், படுக்கப் போறேன்.

ஸ்கூடாய்_சேகர்:
படுத்தும் தூக்கம் வரலை. சிஓஇ காகிதமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.