நின்று ஆரம்பித்தால் தடுமாறுகிறேன்: ஜூடோ காலடி பழகினால் பிஜேஜேயில் ஆளைச் சாய்க்க முடியுமா?

செந்தூல்70:

வணக்கம். மூன்றரை வருடமாக பிஜேஜே (பிரேசிலிய ஜியு-ஜிட்சு, ஆளைத் தரையில் மடக்கும் மல்லுக்கட்டு) பழகுகிறேன், நீலப்பட்டை (வெள்ளைக்கு அடுத்த படி), எடை 68 கிலோ. தரையில் ஓரளவு சமாளித்துவிடுவேன், நின்று ஆரம்பித்தால்தான் தடுமாற்றம். எங்கள் வகுப்பில் இடம் குறைவு, பத்து ஜோடியும் எழுந்து நின்றால் ஒருவர் மேல் ஒருவர் விழ வேண்டியதுதான், அதனால் பெரும்பாலும் முட்டி போட்டே ரோல் (பயிற்சிச் சண்டை) ஆரம்பிப்போம். இத்தனை நாள் அது குறையாகவே தெரியவில்லை.

போன மாதம் ஒரு போட்டியில் 70 கிலோ பிரிவில் இறங்கினேன். அசையாமல் நிற்கிற நண்பனை வைத்து நூற்றுக்கணக்கான தடவை பழகிய செயோய் நாகே, அதாவது முதுகைத் திருப்பி ஆளைத் தோள் மேலாகத் தூக்கிப் போடும் ஜூடோ வித்தை, அதுதான் என் நம்பிக்கை. கையைப் பிடித்துத் திரும்பினேன், எதிரில் இருந்தவர் இடுப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினார், அவ்வளவுதான், என் முதுகு அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு விடுவதற்குள் இரண்டு காலையும் என் தொடைக்குள் கொக்கி போட்டுவிட்டார். 4 புள்ளி போய், கொஞ்ச நேரத்தில் கழுத்தும் மாட்டியது. அம்மாவும் தம்பியும் பார்க்க வந்திருந்தார்கள், வீடு திரும்பும்வரை காரில் யாரும் பேசவில்லை.

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு ஜூடோ வகுப்பு இருக்கிறது. எனக்கு ஷிப்ட் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் கூடுதலாக ஒதுக்க முடியும். அந்த ஒரு நாளில் தூக்கிப் போடும் வித்தைகளைக் கற்பதா, இல்லை காலடி மட்டும் பழகினால் போதுமா? அப்புறம், பிஜேஜேயில் எல்லாரும் குனிந்து, இடுப்பைப் பின்னால் தள்ளித்தானே நிற்கிறார்கள், அவர்களிடம் ஜூடோ எடுபடுமா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

பிறைக்கரை:

தம்பி, காலடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூட நாளில் ஜூடோ பழகி, கல்யாணத்துக்குப் பிறகு பட்டர்வொர்த்தில் பிஜேஜேக்கு வந்தவள், 55 கிலோதான் இருப்பேன், என்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆண்களோடும் நின்று பழகுகிறேன். அவர்களை நான் ஒரு நாளும் தூக்கியதில்லை. காலை வாருவேன்.

உங்கள் செயோய் நாகேயில் கை தவறு செய்யவில்லை, ஆள் நின்றுகொண்டிருந்தபோது திரும்பியதுதான் தவறு. இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற ஆளை 68 கிலோ உடம்பு அசைக்காது. அவர் நடக்க வேண்டும். நடக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கால் காற்றில் இருக்கும், உடம்பின் பாரம் இன்னொரு காலில் இருக்கும், காற்றில் இருக்கிற கால் தரையைத் தொட்டு பாரம் அதற்கு மாறப்போகிற அந்தக் கண்ணிமைப்பொழுதில் வாரினால் எவ்வளவு பெரிய ஆளும் சாய்வார். ஜூடோவில் குசூஷி என்கிறார்களே, நிலைகுலைப்பது, அதைப் பலர் கையால் இழுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி வேலை அவர் அடியெடுத்து வைப்பதிலேயே நடந்துவிடுகிறது.

முதலில் உங்கள் நடையைச் சரி செய்யுங்கள். ஜூடோவில் ஒரு கால் முன்னே போகும், மற்ற கால் அதன் பின்னாலேயே ஒட்டி வரும், ஒன்றை ஒன்று தாண்டாது, இரண்டும் சேர்ந்தும் நிற்காது. சேர்ந்தால் நீங்கள்தான் விழுவீர்கள். பாதத்தின் முன்பகுதியில் பாரம் வைத்து மேட்டை (தரை விரிப்பை) உரசியபடி நகர வேண்டும், குதிகால் ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தூக்கி இருந்தால் போதும். சிலம்பம் சுற்றியவர்களுக்கு இது சட்டென்று வந்துவிடும், என் தம்பி ஒருவன் சிலம்பம் ஆடியவன், இரண்டே வாரத்தில் என்னைவிட அழகாக நகர்ந்தான்.

வீட்டில் பழக ஒரு வழி சொல்கிறேன். ஓடு போட்ட தரையில் துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். நடந்து வந்து, பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, சுண்டுவிரல் பக்கம் தரையை உரச, உள்ளங்காலால் துண்டை வழித்துத் தள்ள வேண்டும். துண்டு சுருளாமல் தட்டையாகவே வழுக்கிக்கொண்டு போனால் உங்கள் கால் சரி. துள்ளினாலோ சுருண்டாலோ நீங்கள் உதைக்கிறீர்கள் என்று அர்த்தம், அதே உதை ஜோடியாக நிற்பவரின் கணுக்கால் எலும்பில் பட்டால் அவர் அடுத்த வாரம் உங்களோடு பழக வரமாட்டார். நான் சமையலறையில் சோறு வேகும் நேரத்தில் இதைச் செய்வேன், ஒரு காலுக்கு ஐம்பது.

வகுப்பில் தே ஆஷி பராய், கோ-உச்சி காரி இரண்டை மட்டும் கேட்டு வாங்கிப் பழகுங்கள். முதலாவது, முன்னே வருகிற காலை வெளிப்பக்கத்திலிருந்து வாருவது. இரண்டாவது, உங்கள் வலது உள்ளங்காலால் அவருடைய வலது குதிகாலை உள்பக்கமிருந்து வழிப்பது, அவர் கட்டைவிரல் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில். ரெண்டிலுமே நீங்கள் முதுகைக் காட்டுவதில்லை. தவறிப்போனால் என்ன நஷ்டம், கால் காற்றில் வீசிவிட்டுத் திரும்ப வரும், நின்ற இடத்தில் நிற்பீர்கள். உங்களுக்கு நடந்ததுபோல 4 புள்ளி போகாது.

அம்பாங்வாசி:

அக்கா சொன்னதோடு சேர்த்துச் சிலது சொல்கிறேன், குனிந்து நிற்பவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதுதான் முக்கியமான கேள்வி.

ஜூடோவில் ஆளை வேகத்தோடு முதுகு படப் போட்டால் இப்போன், ஆட்டம் அங்கேயே முடிந்தது. தற்காப்புக்காகவே குனிந்து நின்றால் நடுவர் தண்டனை கொடுப்பார். அதனால் அங்கே நிமிர்ந்து நிற்பார்கள், நிமிர்ந்து நிற்கிற உடம்புக்கென்றே இடுப்பில் ஏற்றிப் போடும் வித்தைகள் வளர்ந்தன. பிஜேஜே போட்டியில் எப்படிப் போட்டாலும் 2 புள்ளிதான், கீழே வைத்து 3 விநாடி நிலைநிறுத்தினால் சரி. வானத்தில் சுழற்றிப் போட்டவருக்கும் 2, காலைத் தட்டிப் பின்புறம் படும்படி உட்காரவைத்தவருக்கும் 2. இப்படி இருக்கும்போது முதுகைக் காட்டும் வித்தையை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்? காலை வாருவதுதான் நம் கணக்குக்கு ஒத்து வரும்.

குனிந்தவரை என்ன செய்வது? கழுத்துப்பட்டையைப் பிடித்து இன்னும் கீழே ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். தலை கீழே போனால் விழாமல் இருக்கக் காலை முன்னே வைப்பார், அல்லது தலையைத் தூக்கி நிமிர்வார். காலை வைத்தால் தே ஆஷி. நிமிர்ந்தால் பாரம் குதிகாலுக்குப் போகும், அப்போது கோ-உச்சி. அதோடு நமக்கு ஒரு வசதி இருக்கிறது, ஜூடோ போட்டியில் கையால் காலைப் பிடிப்பதை 2010-இல் கட்டுப்படுத்தி 2013-இல் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், நமக்கு அந்தத் தடை இல்லை. கோ-உச்சியைப் போட்டு, அவர் அந்தக் காலைத் தூக்கித் தப்பும்போது கையை இறக்கி அதே கணுக்காலைப் பிடித்துக்கொள்ளலாம். நான் இதைத்தான் அதிகம் செய்கிறேன்.

இரண்டும் வேறு வேறு வித்தை என்று நினைத்து ஜூடோ வகுப்பில் தயங்கி நிற்காதீர்கள். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார், அங்கே பழகிய மயேதா என்ற ஜூடோ வீரர் 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார், பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார், அங்கிருந்துதான் நம் பிஜேஜே வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கிய டிராவிஸ் ஸ்டீவன்ஸ் பிஜேஜேயிலும் கறுப்புப்பட்டை.

ஒரு எச்சரிக்கை. ஜூடோ வகுப்பில் முதல் ஒரு மாதம் விழப் பழக்குவார்கள், அலுப்பாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையை உடம்புக்குப் பக்கத்தில் தட்டி விழ வேண்டும், கையை ஊன்றி விழுந்தால் முழங்கையும் தோளும் போகும். அதேபோல் பக்கவாட்டில் நின்று ஆளின் முழங்காலுக்குப் பின்னால் உட்காருகிற தானி ஓதோஷியைச் சரியான ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள். வகுப்பில் ஒரு பையனின் முழங்கால் அப்படித்தான் பக்கவாட்டில் மடங்கியது, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, அவன் ஒரு வருடம் மேட் பக்கம் வரவில்லை.

செந்தூல்70:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஜூடோ வகுப்புக்கு மூன்று தடவை போனேன், ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னதும் வேறு எதுவும் தராமல் ஜோடியாகக் கைபிடித்து நடக்கவிட்டார், 3 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு, நடக்கும்போது எதிர்ப்புக் காட்டாமல் மாறி மாறிக் கால் வாருவது மட்டும். முதல் நாள் ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. ஒன்று சீக்கிரம் போய்விடும், அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் தாமதமாகப் போய் மரத்தை உதைத்ததுபோல் இருக்கும்.

போன வியாழக்கிழமை பிஜேஜே வகுப்பில், எங்களில் கனமான அண்ணன் ஒருவர், 90 கிலோவுக்கு மேல், என்னைத் தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னால் போனேன், அவருடைய வலது கால் மேட்டுக்கு ஒரு அங்குலம் மேலே இருந்தது, என் கால் தானாகப் போனது. பாரமே தெரியவில்லை, தண்ணீரில் மிதக்கிற கட்டையைத் தள்ளுவதுபோல் இருந்தது. அவர் பின்புறம் பட உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார், திரும்பச் செய் என்றார். அதற்குப் பிறகு பத்து தடவை முயன்று ஒரு தடவையும் வரவில்லை, ஆனால் அந்த ஒன்று எப்படி இருந்தது என்று காலுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரே சந்தேகம். இடது காலை முன்வைத்து நிற்பவர்களிடம் கோ-உச்சி எட்டவே மாட்டேன் என்கிறது. நான் வலது கால் முன்வைப்பவன்.

பிறைக்கரை:

எட்டாது தம்பி, அவருடைய வலது கால் பின்னால் போய்விடுகிறதே. அப்போது உங்கள் வலது காலுக்கு நேர் எதிரே அவருடைய இடது கால் இருக்கும், அதை உள்பக்கமிருந்து ஓ-உச்சி காரியால் எடுங்கள். நெஞ்சு அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தூரத்திலிருந்து காலை மட்டும் நீட்டினால் அவர் உங்களைத்தான் சுழற்றுவார். இந்த வாரம் ஆசிரியரிடம் அதைக் கேளுங்கள், துண்டுப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள்.