மணாலி ஓடைப் புதினாவும் நம் கடைப் புதினாவும் ஒன்றா?

மலைநடை:
போன ஜூலையில் மணாலிக்கு மேலே நடந்தபோது ஓடைக்கரை முழுக்கப் புதினா, முழங்காலுக்கு மேல் உயரம். செருப்பு பட்டாலே வாசம் தூக்குகிறது. நாம் கட்டாக வாங்கும் அதே புதினாதான், தண்ணீர் தாராளமாகக் கிடைத்ததால் வளர்ந்திருக்கிறது என்றேன். கூட வந்தவர் வேறு இனம் என்று அடம்பிடிக்கிறார். வேரோடு ஒரு துண்டைக் கொண்டுவந்து ஈரோட்டில் மாடித் தொட்டியில் வைத்தேன். மே மாதம் கருகிவிட்டது. நீங்களே சொல்லுங்கள். படம் கீழே.

கோதை:
கூட வந்தவர் சொன்னதுதான் சரி. இலை நீளம், காம்பு இல்லை, அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் சுணை. இது மெந்தா லாங்கிஃபோலியா. ஐரோப்பாவில் தொடங்கி மேற்கு, மத்திய ஆசியா வழியாக நேபாளம் வரை ஈரக் கரைகளில் தானாக வளர்வது. நம் கடைகளில் வருவது பெரும்பாலும் ஸ்பைகாட்டா. அதன் இலை நல்ல பச்சை, சுணை அவ்வளவாக இருக்காது.

மலைநடை:
சுணை இருந்தால் வேறு இனமாகிவிடுமா? தண்டு சதுரம், வாசம் புதினா. அப்புறம் என்ன?

கோதை:
தும்பைக்கும் துளசிக்கும் கூடத்தான் சதுரத் தண்டு. அதற்காகப் பிரியாணியில் தும்பையைப் போடுவீர்களா?

செடிப்பித்தன்:
சண்டை வேண்டாம். ஸ்பைகாட்டாவே ஒரு கலப்பு. லாங்கிஃபோலியாவும் சுவாவியோலென்ஸும் சேர்ந்து வந்தது. அவை இரண்டுக்கும் தலா 24 குரோமோசோம், இதற்கு 48. மலைநடை சார் தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்து பேரனைப் பார்த்தேன் என்கிறார், அவ்வளவுதான்.

கோதை அவர்களுக்கும் ஒன்று: படத்தில் பூ இல்லை. இலையை மட்டும் வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். லாங்கிஃபோலியாவுக்குப் பூ நுனியில் கதிராக நிற்கும். கணுவுக்குக் கணு, இலைக்கக்கத்தில் உருண்டையாகப் பூத்தால் அது ஆர்வென்சிஸ். உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் மென்தால் எடுக்க வயல் வயலாகப் போடுகிறார்களே, அந்த வகை.

கோதை:
ஆர்வென்சிஸ் இலைக்குக் காம்பு உண்டே. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இலை தண்டோடு ஒட்டியிருக்கிறது. நான் மாறமாட்டேன். அப்புறம் மலைநடை, குளிர்நாட்டுச் செடியை ஈரோட்டு வெயிலில் வைத்தால் கருகாமல் என்ன செய்யும்?

செடிப்பித்தன்:
இதில் நான் உங்கள் கட்சி இல்லை. இதே இனம் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறது, சினாய் மலை ஓடைகளிலும் இருக்கிறது. வெயிலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஓடைக்கரையில் அதன் வேர் எப்போதும் ஈரத்தில் கிடக்கும், பக்கவாட்டில் ஓடிக்கொண்டே போகும். மாடித் தொட்டி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுமே. சார், தண்ணீர் எத்தனை வேளை ஊற்றினீர்கள்?

மலைநடை:
காலையில் ஒரு வேளை. மே மாதம் நடுவில் நாலு நாள் ஊரில் இல்லை, சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே தாபாவில் அந்த இலையை அரைத்துச் சட்னி கொடுத்தார்கள். லேசாகக் கசந்தது. பச்சை மிளகாய் பழையது போல என்று நினைத்துக்கொண்டேன். செப்டம்பரில் மறுபடி போகிறேன், பூவோடு படம் எடுத்துப் போடுகிறேன். அதுவரை எனக்கு அது புதினாதான்.